முத்துவின் உள்ளங்காலும் எங்கள் வீட்டுத் தரையும்

கடந்த ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, கூடத்தின் வெள்ளை டைல்ஸில் கடுகளவு இரத்தத் துளி ஒன்றைக் கண்டேன். சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்கும் அப்பால், சாப்பாட்டு மேசைக்கு அடியில், எங்கள் முயல் முத்து தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தான். கொத்தமல்லித் தழையின் வாசம் வந்தாலே துள்ளி வருபவன், அன்று தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டான். இரண்டு நாட்களுக்கு முன்புதான் அம்மா, "என்ன கண்ணு, இவன் காலத் தூக்கித் தூக்கி வெக்கறான்? தரை சுடுதா என்ன?" என்று கேட்டிருந்தார். மழைக்காலத்தில் தரை எப்படிச் சுடும் என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த இரண்டு நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

அவனை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, அம்மாவை வெளிச்சத்தில் காலைப் பார்க்கச் சொன்னேன். இடது பின்னங்காலின் அடியில், குதிகாலை ஒட்டிய இடத்தில், துவரம்பருப்பு அளவுக்குப் பொருக்கு கட்டியிருந்தது. அதன் ஓரம் வெடித்து இரத்தம் கசிந்திருந்தது. பொருக்கைச் சுற்றி முடியே இல்லை. தோல் செக்கச்செவேலென்று சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. வலது காலிலும் அதே இடத்தில் முடி உதிர்ந்து இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. முத்து பற்களை நறநறவென்று கடித்தான். தடவிக் கொடுக்கும்போது சுகத்தில் பற்களை மெல்ல உரசுவானே, அந்த ஓசை வேறு. இது வலியில் கடிக்கும் ஓசை.

முயல் வளர்ப்பவர்கள் இதைக் குதிகால் புண் என்றும் சோர் ஹாக்ஸ் என்றும் சொல்கிறார்கள். மருத்துவர்கள் போடோடெர்மடைட்டிஸ் என்று எழுதுகிறார்கள். பெயர் எதுவானாலும், நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வருகிற படுக்கைப் புண்ணும் இதுவும் ஒரே வகையைச் சேர்ந்தவை. நாய்க்கும் பூனைக்கும் இருப்பதைப் போன்ற தடித்த பாத மெத்தை முயலுக்குக் கிடையாது. அடர்ந்த முடிதான் அதற்கு மெத்தை. அந்த முடிக்குக் கீழே மெல்லிய தோல், தோலுக்குக் கீழே உடனே எலும்பு. நாம் வீட்டில் வளர்க்கும் முயல்களின் மூதாதைகள் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மண்ணைத் தோண்டி வளை அமைத்து வாழ்ந்தவை. மண்ணிலோ புல்லிலோ நிற்கும்போது நகங்கள் தரைக்குள் இறங்கும். உடம்பின் பாரம் விரல்களுக்கும் உள்ளங்காலுக்கும் பகிர்ந்து போகும். கெட்டியான தரையில் நகம் இறங்க இடமில்லாததால் விரல்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, பாரம் முழுவதும் பின்னால் குதிகாலின் மீது சாய்ந்துவிடுகிறது. எலும்புக்கும் தரைக்கும் நடுவே நசுங்கும் அந்தச் சிறிய இடத்துக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. முதலில் முடி தேய்கிறது, பிறகு தோல் சிவந்து காய்ப்பு ஏறுகிறது, பிறகு வெடித்துப் புண்ணாகிறது. வெடித்த இடத்தின் வழியே கிருமி நுழைந்தால் சீழ் பிடிக்கும். முயலின் சீழ் தண்ணீர் போல வடிந்து போகாது. கெட்டித் தயிர் போல உள்ளேயே தங்கும். கவனிக்காமல் விட்டால் அது எலும்பு வரைக்கும் போகும். குதிகாலின் பின்புறமாக ஓடும் தசைநாண் இடம் பிசகிவிடவும் கூடும். அந்த நிலைக்குப் போன முயலின் பாதம் பழையபடி நிற்பது மிகவும் அரிது.

முத்துவுக்கு இது ஒரே நாளில் வந்ததன்று. குட்டியாக வாங்கியபோது கடைக்காரர் கொடுத்த கூண்டின் அடித்தளம் கம்பி வலை. புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும், கழுவுவது சுலபம் என்றார். ஏழு மாதம் அவன் அதில்தான் இருந்தான். பிறகு கூண்டு வேண்டாம் என்று வீட்டுக்குள் அவிழ்த்துவிட்டோம். அவனுக்கு விடுதலை கொடுத்துவிட்டதாகவே நினைத்தோம். ஆனால் கம்பியிலிருந்து இறங்கியவன் ஏறியது வழவழப்பான டைல்ஸ் மீது. வழுக்கும் பயத்தில் ஓட்டம் குறைந்தது. ஓட்டம் குறைந்ததில் எடை கூடியது. கூடிய எடையோடு ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தான். நகங்களை நாங்கள் நான்கு மாதமாக வெட்டவில்லை. ஒவ்வொன்றும் சிறிய காரியம். எல்லாம் சேர்ந்து அந்தத் துவரம்பருப்பு அளவு இடத்தில் போய் இறங்கிவிட்டன.

கம்பி வலையைப் பற்றி ஒரு வார்த்தை. பண்ணைகளில் அதை வைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. எச்சம் கீழே விழுந்துவிடுவதால் இரத்தக்கழிச்சல் என்னும் காக்சிடியோசிஸ் பரவுவது குறைகிறது. ஆனால் இறைச்சிக்கு வளரும் முயல் அந்தக் கம்பியின் மேல் ஏறத்தாழ மூன்று மாதம்தான் வாழ்கிறது. செல்லமாக வளரும் முயல் எட்டு, பத்து ஆண்டுகள் வாழக்கூடியது. ஸ்பெயின் போன்ற நாடுகளின் பண்ணைகளிலேயே, நீண்ட நாள் வைத்திருக்கும் தாய் முயல்களுக்குக் கம்பியின் மேல் பிளாஸ்டிக் மிதியடிப் பலகை போடுகிறார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொன்னாலும், எத்தனையோ முயல்கள் கம்பியில் நன்றாகத்தான் இருக்கின்றன என்று தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர்களிடம், ஒரே ஒரு முறை அந்த முயலைத் தூக்கி அதன் உள்ளங்காலைப் பாருங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லா முயலுக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. 1919-இல் பிரான்சில் தோன்றிய ரெக்ஸ் என்னும் வகைக்கு, மேல்முடி அடிமுடியின் உயரத்துக்கே குறுகிப்போனதால் உடம்பு வெல்வெட் போல இருக்கும். அதே காரணத்தால் உள்ளங்கால் காப்பு மெலிந்துபோய், இந்தப் புண் அவற்றுக்கு எளிதில் வருகிறது. உடல் பெருத்த வகைகளுக்கும் அப்படியே. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகவும் பிற பண்ணைகளின் வழியாகவும் நம் ஊர்களில் பரவிய வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்றவை நான்கு கிலோவுக்கும் மேல் வளரக்கூடியவை. கடைகளில் 'வெள்ளை முயல்' என்று விற்கப்படும் குட்டிகள் பலவற்றில் அந்தக் கலப்பு இருக்கிறது. முத்துவிடமும் இருக்கிறது. அவன் அன்றைக்கு 3 கிலோ 200 கிராம் இருந்தான்.

முதலில் அவனை அருகில் இருந்த ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் பெரும்பாலும் நாய்களைப் பார்ப்பவர். புண்ணைச் சுற்றி நன்றாகத் தெரிய வேண்டும் என்று பாதம் முழுவதையும் மழுங்க மழித்துவிட்டு, வாய்வழியாகக் கொடுக்க அமாக்சிசிலின் என்னும் ஆன்டிபயாடிக்கை எழுதிக் கொடுத்தார். மருந்தைக் கொடுக்கும் முன் அம்மாவின் தோழி ஒருவரிடம், அவரும் முயல் வளர்ப்பவர், தொலைபேசியில் சொன்னபோதுதான் அவர் பதறித் தடுத்தார். முயலின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் இருக்கும் பெரிய பை முழுக்க நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின் ஆகியவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் அந்த நல்ல கிருமிகள் அழிந்து, நச்சைச் சுரக்கும் கிருமிகள் பெருகி, முயல் கழிச்சல் கண்டு இறந்தே போகலாம். மழித்ததும் தவறுதான். அந்த முடிதான் அவனுக்கு இருந்த ஒரே மெத்தை. புண்ணின் மேல் ஒட்டிக்கொள்ளும் முடியை மட்டும் கத்தரிக்கோலால் கவனமாக வெட்ட வேண்டுமே தவிர, பாதத்தை மழிக்கக் கூடாது.

மறுநாள், முயல்களைப் பார்த்துப் பழகிய இன்னொரு மருத்துவரிடம் போனோம். வயதானவர். காலைத் தொடுவதற்கு முன்பே அவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல தரை என்னம்மா போட்டிருக்கீங்க?" என்பதுதான். டைல்ஸ் என்றேன். "அப்ப நான் பாதி வைத்தியம்தான் பண்ண முடியும். மீதிப் பாதி நீங்க போடற விரிப்புலதான் இருக்கு," என்றார். நான் இந்தப் பதிவை எழுதுவதே அந்த ஒரு சொல்லுக்காகத்தான். புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு, புண்ணை உண்டாக்கிய தரையிலேயே முயலை மீண்டும் இறக்கிவிடுகிறோம். பிறகு மருந்து கேட்கவில்லை என்கிறோம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்குப் போகவில்லை என்று தெரிந்தபோது அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். வலி குறைய மெலாக்சிகாம் கொடுத்தார்கள். வலி இருந்தால் முயல் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குடல் நின்றுவிடும் என்பதால் இது புண்ணுக்கு நிகரான முக்கியம் என்று மருத்துவர் விளக்கினார். கிருமித் தொற்று அதிகம் இல்லாததால் உள்ளுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று முடிவு செய்தார். சீழ் இருந்திருந்தால் அதைப் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்த பிறகே கொடுப்பேன் என்றார். மனிதர்களுக்கான வலி மாத்திரையையோ, ஸ்டீராய்டு கலந்த களிம்பையோ நாமாக எடுத்துப் போடக் கூடாது என்பதையும் இரண்டு முறை சொன்னார்.

வீட்டில் கட்டு மாற்றுவது முதல் பத்து நாள் தினமும், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு 9 கிராம் உப்பு என்ற கணக்கில் கலந்து, வெதுவெதுப்பாக எடுத்துக்கொள்வேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, முத்துவின் முகத்தைத் தம் முழங்கை மடிப்புக்குள் பொதித்து, அவன் முதுகும் பின்புறமும் தம் மடியில் நன்றாகத் தாங்கும்படி பிடித்துக்கொள்வார். மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும், அதுதான் வசதி என்று சிலர் சொல்கிறார்கள். அது சுகமன்று, பயத்தில் உறைந்துபோகும் நிலை. அதோடு, திடீரென்று உதைத்தால் முயலின் முதுகெலும்பே முறியக்கூடும். உப்பு நீரில் நனைத்த துணியைப் புண்ணின் மேல் சற்று நேரம் வைத்திருந்தால் பொருக்கு தானாக இளகும். இளகாததைப் பிய்க்கக் கூடாது. பிறகு பொவிடோன் அயோடினை வெளிர்த் தேநீர் நிறத்துக்கு வரும்வரை நீர்த்து, ஒற்றி எடுத்து, முற்றிலும் ஈரம் போகும்வரை உலர விடுவேன். சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு, அதுவும் ஒரு மெல்லிய பூச்சு. அதன் மேல் ஒட்டாத வலைத்துணி.

அதற்கு மேல் வருவதுதான் கைவேலை. பஞ்சைத் திரித்து, சும்மாடு போலச் சிறு வளையமாகச் சுற்றி, புண் அந்த வளையத்தின் நடுக்குழியில் அமரும்படி வைக்க வேண்டும். தலைச்சுமைக்காரர்கள் பாரம் தலையில் அழுந்தாமல் இருக்கச் சும்மாடு வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடே இல்லை. பாரம் வளையத்தின் மேல் இறங்கும், புண் தரையைத் தொடாது. வெறும் துணியைப் புண்ணின் மேலேயே மடித்து மடித்துக் கட்டினால், அந்த மடிப்பே இன்னொரு கல்லாகி அதே இடத்தை அழுத்தும். மேலே நீளும் பட்டியை இறுக்காமல் சுற்றி, இரண்டு விரல் நுனிகள் வெளியே தெரியும்படி விட்டுவிடுவேன். மாலையில் அந்த நுனிகளைத் தொட்டுப் பார்ப்பேன். வீங்கியிருந்தாலோ சில்லிட்டிருந்தாலோ கட்டு இறுக்கம் என்று பொருள். அப்போதே அவிழ்த்துவிட வேண்டும். கட்டு நனைந்தாலும் அப்படியே. நனைந்த கட்டு, கட்டே இல்லாததைவிடக் கேடு.

கைவைத்தியம் சொன்னவர்கள் ஏராளம். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசச் சொன்னார்கள், வேப்பெண்ணெய் என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் எண்ணெய் பட்ட முடி சடைபிடித்துத் தன் மெத்தைத் தன்மையை இழக்கும், அழுக்கைச் சேர்க்கும். முயல் அதை முழுவதுமாக நக்கி உள்ளே தள்ளும். நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுவதும் முயலுக்கு ஒத்துவராது, ஏனென்றால் இரவில் தான் போடும் மென்மையான புழுக்கையை நேராக வாய்வைத்து எடுத்துத் தின்றால்தான் அதற்குச் சத்து சேரும். கூம்பு அதைத் தடுத்துவிடும்.

இனி விரிப்புக்கு வருகிறேன். நான் எடுத்தவுடன் செய்தது தவறு: பழைய டர்க்கித் துண்டுகளைப் போட்டேன். அதன் நூல் வளையங்களில் நகம் சிக்கி அவன் இழுத்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. சாக்குப் பையிலும் இதே தொல்லை. தேங்காய் நார்மிதியடி சொரசொரப்பானது, இருக்கும் முடியையும் தேய்த்துவிடும். ஃபோம் மெத்தையைக் கடித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். கடைசியில் கைகொடுத்தது பவானி ஜமக்காளம். எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் நெய்கிறார்கள், வீட்டில் மூன்று கிடந்தன, இத்தனை நாளும் விருந்தாளிக்கு விரிப்பதற்கு மட்டும் என்று பெட்டியில் வைத்திருந்தோம். கெட்டியான பருத்தி, வளையம் இல்லாத நெசவு, வழுக்காது, நகம் பிடித்து ஊன்ற முடியும். ஆனால் ஜமக்காளம் மட்டும் போதாது. அது டைல்ஸின் கெட்டித்தன்மையை மறைப்பதில்லை. ஆகவே அம்மா தம் பழைய நூல் சேலைகள் நான்கை எட்டாக மடித்துத் தையல் போட்டு ஓர் அங்குலக் கனத்துக்கு மெத்தையாக்கி, அதன் மேல் ஜமக்காளத்தைப் போர்த்தி ஓரத்தை உள்ளே மடித்துவிட்டார். உள்ளங்கையை ஊன்றி என் பாரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். அடியில் தரை தட்டுப்படவில்லை. விரிப்பு போதுமா என்று அறிய எனக்குத் தெரிந்த சோதனை இதுதான். கடித்து நூல் இழுக்கும் முயலாக இருந்தால் துணி வேண்டாம்; வைக்கோலையோ காய்ந்த புல்லையோ நான்கு விரல் கனத்துக்கு அமுக்கிப் பரப்பித் தினமும் மாற்றுவதே நல்லது.

முயல் புழுக்கையும் சிறுநீரும் கழிக்க வைக்கும் மலக்கூடையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். முயல் அங்கே நெடுநேரம் உட்கார்ந்தபடியே புல் தின்னும். சிறுநீர் ஊறிய காகிதத்தின் மேல் உட்கார்ந்தால் தோல் ஊறிப்போய் எளிதில் உரியும். நாங்கள் அடியில் காகிதமும் மேலே கனமான வைக்கோலுமாக, காலையும் மாலையும் மாற்றுகிறோம். ஐப்பசி கார்த்திகையில் துணி காயாது என்பதால் மூன்று விரிப்புகள் சுழற்சியில் இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

நகத்தை இப்போது ஐந்து வாரத்துக்கு ஒரு முறை வெட்டுகிறேன். உள்ளே தெரியும் சிவப்பு நரம்புக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட வேண்டும். கறுப்பு நகத்துக்குப் பின்னாலிருந்து கைப்பேசி விளக்கை அடித்தால் நரம்பு தெரியும். எடையைக் குறைக்கப் பட்டினி போடவே கூடாது. கேரட், வாழைப்பழம், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தி, தட்டில் எந்நேரமும் காய்ந்த புல் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். அதோடு பூச்சிமருந்து படாத அருகம்புல்லும் கொஞ்சம் கீரையும். அகத்தியும் குதிரைமசாலும் சத்து மிகுந்தவை என்பதால் எப்போதாவது ஒரு கொத்துதான். ஐந்து மாதத்தில் 2 கிலோ 700 கிராமுக்கு வந்தான்.

புண் மூடப் பத்து வாரம் ஆயிற்று. இடையில், இடது காலைத் தாங்கித் தாங்கி வலது காலில் பாரம் போட்டதால் அந்தக் காலும் சிவக்கத் தொடங்கியது. விரிப்பு வந்திருந்ததால்தான் அது வெடிக்காமல் நின்றது. தை பிறந்தபோது கட்டே இல்லாமல் ஓடினான். ஆனால் சித்திரையில் மறுபடியும் சிவந்தது. காரணம் எளிது: வெயில். 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குத் தாங்காது; எங்கள் ஊரில் அந்த மாதம் 40-ஐத் தொடும். அவன் விரிப்பை விட்டிறங்கிக் குளிர்ச்சியான டைல்ஸைத் தேடிப் போய்ப் படுத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா? தண்ணீர் உறைந்த புட்டிகளைத் துணியில் சுற்றி விரிப்பின் ஓரத்தில் வைத்தோம். வடக்குப் பக்க அறைக்கு மாற்றி மின்விசிறியை விட்டோம். அவனுக்குப் பிடித்த மூலைகளில் மடித்த சேலை விரிப்பைப் போட்டோம். குளிர்ச்சி விரிப்பின் மேலேயே கிடைத்ததும் அவன் அங்கேயே தங்கினான். இரண்டு வாரத்தில் சிவப்பு தணிந்தது.

முடியை விலக்கிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் முதல் முறை பார்த்ததும் பயந்துவிடலாம். குதிகாலில் சிறிதாக ஒரு வழுக்கை இடம், வெளிர்நிறத் தோல், வீக்கமில்லை, சூடில்லை, சுற்றியுள்ள முடி அதை மூடிக்கொள்கிறது என்றால் அது பல முயல்களுக்கு இருப்பதுதான். தரையை மட்டும் திருத்தினால் போதும். சிவப்பு, வீக்கம், பொருக்கு, ஈரம், இரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அருகில் முயல் பார்ப்பவர் இல்லையென்றால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன. புண்ணை ஈ மொய்த்தால் காத்திருக்கவே வேண்டாம். நம் வெயிலுக்குப் புழு வைக்க ஒரு நாள் போதும். அரை நாளுக்கு மேல் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தாலும் அன்றே, அப்போதே.

முத்துவின் இடது குதிகாலில் முடி திரும்ப முளைக்கவில்லை. ஒரு மொச்சை அளவுக்கு, வெளுத்த, சற்றே தடித்த தோல் அங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா மடியில் அவனைப் பிடித்துக்கொள்ள, நான் அந்த இடத்தைப் பெருவிரலால் தடவிச் சூடு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். என் விரலைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மொட்டை மாடியில் அவனுடைய இரண்டாவது ஜமக்காளம் காய்ந்துகொண்டிருக்கிறது. மேகம் கூடுகிறது, எடுக்கப் போக வேண்டும்.